ஆற்றுவாயில் மாண்டவர் கவனக்குறைவால் மாண்டனரா?

தமிழரின் கடலோடு மரபைப் பற்றிப் பேசுவோர் புறநானூற்றின் 30ஆம் பாட்டைத் தவறவிடுவதில்லை. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய அப்பாட்டிலே, விரித்த பாயைக் களையாமலும் ஏற்றிய பாரத்தைக் குறைக்காமலும் பெருங்கலமொன்று புகார்முகத்துட் புகுந்த செய்தி வருகின்றது. இதனைப் பெருமிதத்தோடு எடுத்தோதுகிறோம், வினாத்தாளிற் கேட்கிறோம், புள்ளியும் இடுகிறோம். ஆனால், பாயைக் களையாமற் புகுந்தமை ஏன் பாடத்தக்க செய்தியாயிற்று என்று நம்மிற் கேட்டவர் அரியர். ஏனைய ஆற்றுமுகங்களிலே கலங்கள் பாயைக் களைந்தும் பாரத்தை இறக்கியுமே உட்புகுந்தன, அன்றேல் புகமுடியாது வெளியே நின்றன என்பதே அதிலிருந்து ஊகிக்கத்தக்கது. ஆறு கடலோடு கூடுமிடத்தில் மணல் திரண்டு கிடக்கும் என்பதையும், அதனைக் கடப்பது எளிய செயலன்று என்பதையும் புலவன் அறிந்திருந்தான். அவனது பாட்டை மனனஞ் செய்த நாமோ அதனை அறியாதிருக்கிறோம்.

அறியாதிருத்தல் மாத்திரமன்று. அறியாமையை மாண்டவர் தலையில் ஏற்றியும் விடுகிறோம். மாரிகாலத்தில் மட்டக்களப்பு முகத்துவாரத்திலோ கல்லாற்று முகத்திலோ, தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் சிலாபத்திலோ படகு கவிழ்ந்தால் நாளிதழின் மூலையில் நான்கு வரி வெளிவருகின்றது. அந்த நான்கு வரிக்குள்ளும் ஒரு சொல் தவறாது இடம்பெறுகின்றது: கவனக்குறைவு. படித்தவர் அதனை வாசித்துத் தலையசைக்கிறார். பக்தியுள்ளவர் விதியென்கிறார். திட்டமிடுவோர் கல்லணை கட்டவேண்டும் என்கிறார். மூன்று கூற்றுக்களும் வெவ்வேறு போலத் தோன்றினும் அவை செய்யும் வேலை ஒன்றே. ஆற்றுவாய் அன்றன்று எந்நிலையில் இருக்கிறது என்பதை அறிந்து, அதைக் கடக்கப்போகிறவனுக்குச் சொல்லவேண்டிய கடமை ஒன்று உண்டு. அக்கடமை எவரையும் சாராமற் போவதற்கு இம்மூன்றும் உதவுகின்றன. இக்கட்டுரை அம்மூன்றையும் மறுக்கப் புகுகின்றது.

முதலில் ஆற்றுவாய் என்பது யாது என நோக்குவோம். புவியியற் பாடநூல் கழிமுகம் என்று ஒரு சொல்லைத் தந்து, ஒரு படத்தையும் தந்து அடுத்த அத்தியாயத்துக்குச் சென்றுவிடும். அப்படத்தில் ஆற்றுவாய் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். உண்மையில் அது நிற்பதேயில்லை. கரையோரமாக அலைகள் மணலை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. வறள்மாதங்களில் வாவியிலிருந்து வெளியேறும் நீர் நலிவடையும்போது அம்மணல் வாயின் குறுக்கே வளர்ந்து ஈற்றில் அதனை மூடிவிடுகின்றது. மாரி பிறந்து, வெள்ளம் வயல்களையும் குடிமனைகளையும் மூடத் தொடங்கியதும் ஆற்றுவாயை வெட்டுகிறார்கள். வெட்டியதும் திட்டு அழிந்துவிட்டது என்று கரையில் நிற்பவர் நினைக்கிறார். திட்டு அழிவதில்லை. சீறிப்பாயும் வெள்ளம் அம்மணலைச் சிறிது தூரம் கடலுள்ளே தள்ளி, நீரின் கீழே பிறை வடிவிற் பரப்பிவிடுகின்றது. நேற்றுக் கண்ணுக்குத் தெரிந்த திட்டு இன்று கண்ணுக்குத் தெரியாத திட்டாகின்றது. படகுக்காரனுக்கு எது கொடியது என்று சொல்லவேண்டியதில்லை.

இனி அலையை எடுத்துக்கொள்வோம். ஆழ்கடலில் உருண்டுவரும் அலை ஆழங் குறைந்த இடத்தை அடைந்ததும் வேகங் குறைந்து, நீளஞ் சுருங்கி, உயர்ந்தெழுகின்றது. அலையின் உயரம் அவ்விடத்து நீரின் ஆழத்தில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கை எட்டும்போது அது உடைகின்றது. ஒரு மீற்றர் உயரமுள்ள அலை ஒன்றேகால், ஒன்றரை மீற்றர் ஆழத்தில் உடைந்து விழும். எனவே திட்டின்மேல் ஓரடி மணல் கூடினாலும் குறைந்தாலும் அலை உடையும் இடம் மாறிவிடும். இதற்குமேல் வெளியே பாயும் நீரோட்டம் ஒன்று எதிர்த்து வருமாயின், அலை இன்னும் நெருங்கி, இன்னும் செங்குத்தாகி, சுவர்போல் எழும்பும். அலையின் உயரம் இரட்டித்தால் அதன் சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

கிழக்குக் கரையின் கொடுமை இங்கேதான் இருக்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்று எக்காலத்தில் மழையைக் கொட்டி வாவியை நிரப்புகின்றதோ, அக்காலத்திலேயே பேரலைகளையும் நேரே கரைக்கு அனுப்புகின்றது. வெளியேறும் வெள்ளமும் உள்வரும் அலையும் ஒரே மாதங்களில் ஒரே வாயிற் சந்திக்கின்றன. மேலைநாட்டுப் படகோட்டிகளுக்கான கைந்நூல்கள் வற்றின்போது ஆற்றுவாயைக் கடவாதே, பெருக்கு முடிந்து நீர் அசையாது நிற்கும் வேளைவரை பொறுத்திரு என்று அறிவுரை கூறும். அது நல்ல அறிவுரையே. ஆனால் நமது கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரும் இல்லை. மாரி வெள்ளம் பாயும்போது அந்தச் சிறு பெருக்கு அதனைத் தடுத்து நிறுத்துவதில்லை. நாட்கணக்காக நீர் வெளியேதான் ஓடுகின்றது. நீர் அசையாது நிற்கும் வேளை என்று ஒன்று வராதபோது, எதற்காகப் பொறுத்திருப்பது?

கைந்நூலில் இல்லாத அறிவு கரையில் இருந்தது. இக்கட்டுரையாளன் சிறுவனாயிருந்த காலத்தில், பாலமீன்மடுவில், வெளிச்சவீட்டுக்குச் சற்று அப்பால், தண்டையலாகிய முதியவர் ஒருவர் வள்ளத்தைத் தள்ளுமுன் கரையிற் கைகட்டி நெடுநேரம் நிற்பதைக் கண்டிருக்கிறான்.

“என்ன பெரியப்பா பாக்கிறீங்க?”

“கடல் களைக்கும் மட்டும் பாத்துக்கொண்டு நிக்கன் மகன். அது களைச்சாத்தான் நாம போக ஏலும்.”

அன்று இது வேடிக்கையாகத் தோன்றியது. பின்னாளில் பௌதிகம் படித்தபோதே அதன் பொருள் விளங்கிற்று. அலைகள் ஒரேயளவாக வருவதில்லை; கூட்டங் கூட்டமாக வருகின்றன. சில பேரலைகள் தொடர்ந்து வந்தபின் சிற்றலைகள் வரும் இடைவேளையொன்று உண்டு. அந்த இடைவேளையைத்தான் முதியவர் எண்ணிக்கொண்டிருந்தார். எந்த அலை எங்கே உடைகிறது, உடையாத பச்சைநீர் எந்தப் பக்கமாகக் கிடக்கிறது, நேற்று வடக்கே இருந்த வழி இன்று தெற்கே நகர்ந்ததா என்பவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டமோ கருவியோ இல்லாத அவதானிப்பாளர் அவர்.

அம்முதியவரின் இளைய மகன் பின்னொரு மார்கழியில் அதே வாயில் மாண்டான். விடிவதற்கு முன் மீனோடு திரும்புகையில் இயந்திரம் நின்றுவிட்டதாம்; படகு பக்கவாட்டிற் புரண்டதாம். நீந்தத் தெரிந்தவன், கடலிலே பிறந்து வளர்ந்தவன். மரண விசாரணையின்போது உத்தியோகத்தர் ஒருவர் கவனக்குறைவு என்றார். தந்தை அருகில் நின்றார். அரைமணிநேரம் கடலை எண்ணாமல் வள்ளந் தள்ளாத மனிதரின் வீட்டுக்கு அச்சொல் வந்து சேர்ந்தது.

திரும்பி வருவது புறப்படுவதிலும் ஆபத்தானது என்பதை அந்த உத்தியோகத்தர் அறிந்திருக்க நியாயமில்லை. புறப்படுபவன் அலையின் முகத்தைக் காண்கிறான். எது உடையும், எது உடையாது என்று கணிக்கிறான். மனம் ஒப்பாவிடில் கரையிலே நின்றுவிடுகிறான். திரும்புபவன் காண்பது அலையின் முதுகை மாத்திரமே. முதுகுப்புறம் மழுமழுவென்று பணிந்து கிடக்கும். அதன் முன்புறத்தில் நடக்கும் கோரம் தெரியாது. படகில் மீனும் ஈரவலையும் கனக்கின்றன. பின்னால் வரும் அலை அணியத்தைத் தாழ்த்தி, கடையாரைத் தூக்கி எறிகின்றது. இயந்திரத்தின் விசிறி நீரைவிட்டு மேலெழுந்து காற்றைச் சுழற்றுகின்றது. அக்கணத்தில் சுக்கானுக்குப் படகு கட்டுப்படுவதில்லை. அது குறுக்கே திரும்பினால் அடுத்த அலை போதுமானது. பதினெட்டடி, இருபத்துமூன்றடிக் கண்ணாடியிழைப் படகுக்கு இதைத் தாங்கும் வலு இல்லை.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் வருகிறார்கள் என்று கேட்கப்படும். வராமல் எங்கே போவது? ஐஸ் கரைகின்றது. எரிபொருள் கணக்காகவே ஊற்றப்பட்டது. விடியற்சந்தை தவறினால் மீனின் விலை பாதியாகும். படகுக்கும் வலைக்கும் வாங்கிய கடன் பாதியாகாது. வடக்கே வாழைச்சேனைத் துறைமுகம்வரை மாரிக்கடலில் ஓடுவதற்குச் செலவாகும் எண்ணெய்க்கு யார் பொறுப்பு? கவனக்குறைவு என்ற சொல், தெரிவு செய்வதற்கு வேறு வழியிருந்த ஒருவனைக் குறித்துச் சொல்லத்தக்கது. வழியில்லாதவன் எடுக்கும் துணிவை அச்சொல்லாற் குறிப்பது மொழிப்பிழை மாத்திரமன்று.

கவனக்குறைவு படியாதவர்க்கே உரியது என்ற எண்ணமும் இதிற் கலந்திருக்கின்றது. படித்தவர்களும் உயர்பதவியினரும் ஆற்றுவாயில் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதற்கு வரலாறு ஓர் உதாரணத்தை வைத்திருக்கின்றது. 1863 பெப்ரவரி 7ஆந் திகதி, சிட்னியிலிருந்து சென்ற பிரித்தானியக் கடற்படையின் ஓர்ஃபியஸ் என்னும் போர்க்கப்பல் நியூசிலாந்தின் மனுக்காவ் முகத்துவாரத் திட்டிலே மோதிச் சிதைந்தது. கப்பலில் இருந்த 259 பேரில் 189 பேர் மாண்டனர். அந்நாட்டின் கடல்விபத்துக்களில் இன்றுவரை அதுவே பெரிது. கப்பல் 1853ஆம் ஆண்டின் வரைபடத்தைப் பின்பற்றிச் சென்றது. திட்டு வடக்கே நகர்ந்துவிட்டது என்ற திருத்தம் 1861லேயே வெளிவந்திருந்தது. அவ்வழியால் முன்னர் சென்றுவந்த ஒருவன் கப்பலில் இருந்தான். பிரடெரிக் பட்லர் என்னும் அவன் தப்பியோடிப் பிடிபட்டவன், குற்றவாளியாகக் கொண்டுசெல்லப்பட்டவன். கப்பல் பிழையான வழியிற் செல்கின்றது என்று அவன் எச்சரித்தபோது காலங் கடந்துவிட்டது. கொமடோர் பேர்னெற்றும் மாண்டார்.

இங்கே குறைந்தது கவனமன்று. திருத்தப்பட்ட அறிவு இருந்தது. அது சுக்கானைப் பிடித்தவனின் கைக்குப் போகவில்லை. வாயை அறிந்தவன் இருந்தான்; அவன் பேசத்தக்க இடத்தில் இல்லை. நமது ஆற்றுவாய்களின் நிலைமையும் இதுவே. ஒரு வேறுபாடு: கொமடோரின் மரணத்தைப் பற்றி விசாரணை நடத்தி, வரைபடத்தின் ஆண்டைக்கூடத் தேடிப்பார்த்தார்கள். பாலமீன்மடுவில் வரைபடத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காட்டுவதற்கு ஒன்று இருந்ததா?

இனிக் கல்லணைக்காரரிடம் வருவோம். ஆற்றுவாயின் இருமருங்கும் பாறைகளைக் கொட்டி அலைதாங்கி கட்டினால் வாய் ஆழமாகவும் அமைதியாகவும் இருக்கும் என்பது அவர்கள் வாதம். சில இடங்களில் அவ்வாறு நிகழ்ந்ததுண்டு. அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் கரையோரமாக நடந்துசெல்லும் மணலுக்கு அணை கட்டியவரின் எண்ணம் தெரியாது. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், வாமனபுரம் ஆறும் கடினங்குளம் காயலும் கடலைச் சேரும் முதலப்பொழியில் மீனவரின் நன்மைக்கென்றே அலைதாங்கிகள் கட்டப்பட்டன. அணைகளுக்கு நடுவே மணல் திரண்டது. வாயின் முன்னே அலை உடைந்தது. அறுபதுக்கு மேற்பட்டோர் அங்கே உயிரிழந்துள்ளதாக மீனவர் தரப்புக் கூறுகின்றது. 2023 யூலையில் ஒரே படகின் நால்வர் மாண்டனர். 2025 ஏப்ரலில் மணல் வாயையே அடைத்துவிட, மீனவர் வீதிக்கு இறங்கினர். காப்பதற்கென்று கட்டியதே கொலைக்களமாயிற்று என்று அவ்வூரார் சொல்வதை உணர்ச்சிப் பேச்சென்று ஒதுக்க முடியாது.

கேரளம் வரை போகவும் வேண்டியதில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அயலிலே, டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் இருக்கின்றது. அது ஆற்றுவாயன்று, ஆயினும் மணலின் பாடம் ஒன்றுதான். தெற்கிலிருந்து வடக்கே செல்லும் மணலை அணை மறித்தது. துறைமுகத்தின் வாயில் மணலால் மூடிற்று. படகுகள் போய்வர முடியாது தவித்தன. வடபுறத்திலோ மணல் கிடையாத கரையைக் கடல் தின்றது. ஒலுவிலாரும் நிந்தவூராரும் தென்னந்தோட்டங்களைப் பறிகொடுத்தனர். கல்லை ஒருமுறை கொட்டிப் பெயர்ப்பலகையைத் திறந்துவைக்கலாம். மணலை ஆண்டுதோறும் அகழ்வதற்குப் பெயர்ப்பலகை இல்லை. ஆகவே அதற்குப் பணமும் இல்லை.

கல்லணை கட்டி நூறாண்டு கடந்த இடத்திலும் மனிதக் கண் ஓய்ந்துவிடவில்லை என்பது இன்னும் முக்கியமானது. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுவாயில் தெற்கணை 1885இல் தொடங்கப்பட்டது. வடக்கணை 1917இல் முடிந்தது. பெருந்தொகைப் பணம் செலவாயிற்று. எனினும் 1846 முதல் இருந்துவரும் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இன்றும் கப்பல்களை அத்திட்டைக் கடத்தி விடுகின்றனர். கரையோரக் காவற்படை அன்றைய அலையைப் பார்த்துச் சிறுபடகுகளுக்கு வாயை மூடுகின்றது. ஒறிகன் கரையின் பல ஆற்றுவாய்களிலே, வாய் கொந்தளிக்கும்போது ஒளிரும் விளக்குப் பலகை நாட்டப்பட்டுள்ளது. அங்கும் மரணங்கள் நிகழ்கின்றன. ஆனால் வாயின் அன்றைய நிலை என்ன என்ற கேள்விக்கு அங்கே விடைசொல்ல ஒருவர் இருக்கிறார்.

நம்மிடம் வானொலி இருக்கின்றது. காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை, மட்டக்களப்பு ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பில் காற்று மணிக்கு இத்தனை கிலோமீற்றர் வேகத்தில் வீசும், கடல் கொந்தளிப்பாகக் காணப்படும் என்ற அறிவித்தலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வளிமண்டலவியல் திணைக்களத்தைக் குறைகூறுவது நோக்கமன்று. அவ்வறிவித்தல் ஆழ்கடலுக்குரியது, அதற்குப் பயன்படுவது. ஆனால் அது தீவின் வடக்கு முனையிலிருந்து தென்கிழக்குவரை நூற்றுக்கணக்கான கிலோமீற்றரை ஒரே வாக்கியத்தில் அடக்குகின்றது. படகு கவிழ்வதோ சில நூறடி அகலமுள்ள ஒரு வாயில். அந்த வாயின் ஆழத்தைப் பற்றி அந்த வாக்கியத்துக்கு ஒன்றும் தெரியாது. காற்றுத் தணிந்துவிட்டது என்ற அறிவித்தலைக் கேட்டுப் புறப்பட்டவனை, இரண்டு நாட்களுக்கு முன் எங்கோ கிளம்பிய அலை வாயில் வைத்து வீழ்த்தக்கூடும்.

ஆற்றுவாயை வெட்டும் முடிவையும் நோக்குங்கள். அதனை எடுக்கும்போது வயல்களின் நிலை கேட்கப்படும். தாழ்நிலக் குடியிருப்புக்களின் நிலை கேட்கப்படும். இரண்டும் நியாயமே. ஆனால் வெட்டிய கணத்திலிருந்து அவ்வாயால் போய்வரும் படகு என்னாகும் என்ற கேள்வி அங்கே எழுவதுண்டா? இரவு வெட்டினால் முன்மாலையிற் கடலுக்குப் போனவன் விடியற்காலையில் தான் விட்டுச்சென்ற வாயை அல்ல, புதியதொரு வாயையே சந்திப்பான். அவனுக்குச் சொல்லியனுப்புவது யாருடைய கடமை என்று எழுதப்பட்டிருக்கிறதா? நூற்றுக்கணக்கான ஏக்கரைக் காக்கும் நடவடிக்கை ஒன்றில், கடலில் நிற்கும் சில படகுகள் கணக்கில் வராமற் போவது அதிகாரியின் கொடுமையால் அன்று. கணக்கிடும் தாளில் அவற்றுக்கு நிரலே இல்லை என்பதால்.

உயிர்காப்பு அங்கியைக் கொடுத்தும் அவர்கள் அணிவதில்லையே என்பது அடுத்த குற்றச்சாட்டு. உண்மைதான், பலர் அணிவதில்லை. வெயிலில் வலையிழுக்கும் உடம்புக்கு அது சுமை. ஆனால் இரவு முழுவதும் அணியச் சொல்வது வேறு. வாயைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு அணியச் சொல்வது வேறு. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆற்றுவாய்த் திட்டைக் கடக்கும்போது அங்கி அணிவது சட்டம். நாம் அங்கியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். எந்த இடத்தில், எவ்வளவு நேரம் அணிந்தாற் போதுமென்று சொல்வதில்லை.

ஆகவே வேண்டப்படுவது கோடிகளை விழுங்கும் திட்டமன்று. ஒவ்வொரு முகத்துவாரத்திலும் மாரி தொடங்கி முடியும்வரை விடியலிலும் அந்தியிலும் வாயைப் பார்த்து, ஆழத்தை அளந்து, கொடியேற்றவும் விளக்கேற்றவும் ஓராள். அவர் மீனவரிடையே இருந்து வரவேண்டும், சம்பளம் அரசிடமிருந்து வரவேண்டும். வாய் மூடப்பட்ட நாளுக்கு ஒரு கொடுப்பனவு. திரும்பும் படகு வேறிடஞ் செல்ல நேர்ந்தால் அதற்குரிய எரிபொருள். வெட்டுமுன் கடலில் உள்ளோருக்கு அறிவித்தல். செலவைக் கண்டு அஞ்சுவோர், ஒலுவில் வாயிலில் இருந்து அள்ளப்பட்ட மணலின் செலவைக் கேட்டறிந்துவிட்டு வந்து பேசட்டும்.

இதில் நமக்கென்ன என்று இச்சஞ்சிகையை வாசிக்கும் நண்பர்கள் கேட்கக்கூடும். நமது பல்கலைக்கழகங்களிலே புவியியற்றுறை உண்டு. பொறியியற் பீடம் உண்டு. இறுதியாண்டு ஆய்வுகளுக்குத் தலைப்புத் தேடி அலையும் மாணவரும் உண்டு. மட்டக்களப்பு வாயின் குறுக்குவெட்டை மாரிக்கு முன்னும், வெட்டிய மறுநாளும், மாரி முடிந்தும் அளந்து, ஆண்டுக்காண்டு ஒப்பிட்டு, கடற்றொழிற் சங்கங்களின் சுவரில் ஒட்டிவைக்க என்ன தடை? கயிறும் ஈயக்குண்டும் ஒரு வள்ளமும் போதுமே. தமிழ்த்துறையினருக்கும் வேலையுண்டு. திட்டின் வகைகளுக்கும், அலை உடையும் விதங்களுக்கும், நீரின் நிறங்களுக்கும் அம்மக்களிடம் உள்ள சொற்கள் எந்த அகராதியிலும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. கலைச்சொல்லாக்கத்துக்காக வடமொழியிலும் சங்க இலக்கியத்திலும் தேடுகின்றவர்கள், பாலமீன்மடுவுக்கு ஒரு பேருந்துப் பயணத்தில் போய்விடலாம். மேலே குறிப்பிட்ட முதியவர் இப்போது இல்லை. அவரோடு கடலுக்குப் போனவர்களில் இருவர் மூவர் இன்னும் கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கிறார்கள். அளவீட்டுக் குழு ஒன்று புரட்டாதி முடியுமுன் புறப்படுமாயின், வள்ளத்தில் அவர்களுக்கும் ஓரிடம் ஒதுக்கவேண்டும்.